தண்ணீரைச் சோதித்துவிட்டுச் சுத்திகரிப்பான் வாங்குங்கள்

வீட்டுக்கு எந்தச் சுத்திகரிப்பான் வாங்கலாம் என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால் தவறு இரண்டு வகையில் நேரும். கிருமி மட்டுமே தொல்லையாக இருக்கும் தண்ணீருக்கு ஆர்ஓ (சவ்வு வழியே தண்ணீரைத் தள்ளி உப்பை நீக்கும் மெஷின்) வைத்தால், குடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். ஃபுளோரைடு உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு யூவி (புற ஊதா ஒளி விளக்கு) மட்டும் வைத்தால், கிருமி சாகும், ஃபுளோரைடு அப்படியே வயிற்றுக்குள் போகும். முதல் தவறு வீண்செலவோடு முடிந்துவிடும். இரண்டாவது தவறு பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே உடம்பைக் கெடுக்கும், ஏனென்றால் அந்தத் தண்ணீர் தெளிவாகவும் ருசியாகவும் இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

முதல் வேலை, வீட்டுக்கு வரும் எல்லா நீர்வழிகளையும் எழுதி வைப்பது. குளோரின் கலந்து வரும் பொதுக் குழாய்நீரில் உப்பு பெரும்பாலும் அளவோடு இருக்கும். அங்கே பயப்பட வேண்டியது வழியில் உடைந்த குழாய், மூடாத தரைத்தொட்டி, பல மாதமாகக் கழுவாத மேல்தொட்டி. ஆழ்துளைக் கிணற்று நீரில் மண்ணும் பாறையும் கரைந்து வரும்: கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, ஆர்சனிக், உரமும் கழிவும் இறங்கிய இடத்தில் நைட்ரேட். திறந்த கிணறு, ஆறு, மழைநீர் என்றால் கலங்கலும் கிருமியும்தான் முதல் சந்தேகம். இரண்டு வழியிலிருந்தும் கலந்து எடுக்கும் வீடானால், அவற்றில் மோசமான தண்ணீருக்கு ஏற்றபடிதான் மெஷின் வாங்க வேண்டும்.

கண்ணும் மூக்கும் கொஞ்சம் சொல்லும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வெள்ளை வாளியில் ஒரு ராத்திரி நின்ற பிறகு பழுப்பாகிக் காவி படிந்தால் கரைந்த இரும்பு இருக்கிறது. சோப்பு நுரைக்காமல் திரிந்து, குழாய் வாயில் வெள்ளைப் படிவு ஏறினால் கடினத்தன்மை. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் வருவது. ஆனால் ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட், ஈயம் நான்குக்கும் நிறமோ வாடையோ கிடையாது. அவற்றைச் சோதனை மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

டிடிஎஸ் மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு. அதைக் காட்டும், பேனா போன்ற சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். இப்போதும் உதவும், பிறகு ஆர்ஓ வைத்தால் ஆயுள் முழுக்க உதவும். அது உப்பை நேராக எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, 0.5 அல்லது 0.7 போன்ற ஒரு எண்ணால் பெருக்கி லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. அந்தப் பெருக்கும் எண் மீட்டருக்கு மீட்டர் மாறும் என்பதால், ஒரே டம்ளர் தண்ணீரில் இரண்டு மீட்டர் வேறு வேறு எண் காட்டுவது கோளாறு அல்ல. ஒரே மீட்டரை வைத்து ஒப்பிட்டால் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் டிடிஎஸ் சுமார் 600 வரை ருசிக்குக் குறையில்லை, 1000-க்கு மேல் போகப் போகக் குடிக்கப் பிடிக்காது. கவனியுங்கள், இது ருசியைப் பற்றிய கணக்கு. டிடிஎஸ் 150 உள்ள தண்ணீரில் கிருமி நிறைய இருக்கலாம், மீட்டருக்குத் தெரியாது. ஆர்சனிக்கின் பாதுகாப்பு எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அவ்வளவு சிறிய அளவு மீட்டரின் எண்ணில் ஒரு அசைவும் தராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விற்பனைக்கு வருபவர் இரண்டு கம்பி உள்ள கருவியை உங்கள் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் பழுப்பாவதைக் காட்டுவார். அருகிலேயே ஆர்ஓ தண்ணீர் தெளிவாக நிற்கும். பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வந்த அழுக்கு இல்லை, அந்த இரும்புக் கம்பி கரைந்த துரு. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். உப்பு இல்லாததில் ஓடாது. ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகிவிடும்.

ஆய்வகச் சோதனை

மெஷின் வாங்கும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். கேட்க வேண்டியவை: அமிலகாரத் தன்மை, கலங்கல், டிடிஎஸ், மொத்தக் கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், ஈ கோலை (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா). வட்டாரத்தில் ஆர்சனிக் பேச்சு இருந்தால் அதுவும், கட்டடத்தில் பழைய குழாய்கள் இருந்தால் ஈயமும்.

அறிக்கையைப் படிக்க உலக சுகாதார நிறுவன அளவுகள் உதவும்: ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50, ஆர்சனிக் 0.01, ஈயம் 0.01. ஈ கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் எண்ணைப் பார்க்கும்போது அலகைக் கவனியுங்கள். சில ஆய்வகங்கள் "நைட்ரேட் நைட்ரஜன்" என்று தருவார்கள், அந்தக் கணக்கில் எல்லை சுமார் 11. அதில் 20 என்று இருப்பதைப் பார்த்து 50-க்குக் கீழே இருக்கிறதே என்று விட்டுவிட்டால் கைக்குழந்தை உள்ள வீட்டில் பெரிய ஆபத்து. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் குறைத்துவிடும்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் பாதிச் சோதனைகள் கெடுகின்றன. ரசாயனச் சோதனைக்கு, குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் அலசி நிரப்ப வேண்டும். ஈயத்துக்கு மட்டும் நேரெதிர்: ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரின் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலையே பயன்படுத்துங்கள், அதை அலசக் கூடாது. உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும். குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, சற்று ஓடவிட்டு, மூடியின் உட்புறம் கை படாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. கிணற்று நீரானால் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை எடுங்கள். கோடையில் உப்பு ஏறும், மழையில் கிருமி ஏறும்.

எந்த முறை எதை நீக்கும்

செடிமென்ட் ஃபில்டர் என்பது 5 மைக்ரான் பாலிபுரப்பிலீன் நூல் சுற்றிய வெள்ளை உருளை. மண், துரு, மிதக்கும் தூசி இவற்றைப் பிடிக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் இது காவல்காரன், அவ்வளவுதான்.

கார்பன் குளோரினையும் வாடையையும் பல பூச்சிமருந்துகளையும் இழுத்துக்கொள்ளும். குருணைக் கார்பனைவிடக் கட்டிக் கார்பனில் தண்ணீர் வழி தப்பிப் போவது குறைவு. உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் கார்பன் தொடாது. குளோரினை எடுத்துவிட்ட பிறகு அந்தத் தண்ணீருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. பழைய கார்பனுக்குள்ளேயே கிருமி குடியேறிப் பெருகும். கார்பனோடு நிற்கும் ஃபில்டரைக் கிருமி உள்ள தண்ணீருக்கு வைக்கவே கூடாது.

யூஎஃப் என்பது நுண்ணிய வைக்கோல் போன்ற குழல்களின் கட்டு. துளை 0.01 முதல் 0.1 மைக்ரான். பாக்டீரியா பொதுவாக 0.5 மைக்ரானுக்கு மேல், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் உறைகள் 8 மைக்ரானுக்கு மேல் என்பதால் அவை தாண்ட முடியாது. வைரஸில் சில தாண்டக் கூடும். மின்சாரம் வேண்டாம், தண்ணீரை வீணாக்குவது மிகக் குறைவு, கரைந்த எதையும் நீக்காது. ஒரு முறை நனைத்த கட்டைக் காயவிட்டால் பழைய வேகம் திரும்புவது கடினம்.

யூவி விளக்கின் 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் மரபுப் பொருளைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்கிறது. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியமும் இதில் அடங்கிவிடும். ஆனால் ஒளி கிருமியைத் தொட்டாக வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் தூசியின் நிழலில் கிருமி தப்பும். இரும்பு 0.3 மில்லிகிராமுக்கு மேல், கடினத்தன்மை 120-க்கு மேல் போனால் விளக்கைச் சுற்றிய குவார்ட்ஸ் குழாயில் படிவு ஏறி ஒளி மங்கும். விளக்கு நீலமாக எரிவதைப் பார்த்து நம்ப வேண்டாம். சுமார் 9000 மணி நேரத்துக்குப் பிறகு, அதாவது விடாமல் எரிந்தால் ஓராண்டில், கண்ணுக்குத் தெரியும் ஒளி இருக்கும், கிருமியைக் கொல்லும் ஒளி குறைந்திருக்கும். முழுப் பாதுகாப்புக்கு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் அளவு வேண்டும். அது கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்.

ஆர்ஓ ஒன்றுதான் கரைந்த உப்பை வெளியேற்றுவது. பம்ப் அழுத்தத்தில் தண்ணீரைச் சவ்வின் ஊடே தள்ளி, உப்பில் 90 முதல் 98 சதவீதத்தைப் பின்னால் நிறுத்திவிடும். ஃபுளோரைடு, நைட்ரேட், ஈயம் குறையும். ஆர்சனிக்கில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஐந்திணைத்திற ஆர்சனிக்கை நன்றாகத் தடுக்கும், மூவிணைத்திற ஆர்சனிக் ஓரளவு நழுவிவிடும். அதனால் ஆர்சனிக் உள்ள வீட்டில் ஆர்ஓ வைத்த பிறகு வெளிவரும் தண்ணீரையும் ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கொதிக்க வைப்பது இன்றும் கிருமிக்கு நம்பகமான வழி: கொப்புளித்துக் கொதிக்க ஆரம்பித்து ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம். ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் இருந்தால் கொதிக்கக் கொதிக்க நீராவி போய் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

அறிக்கையை வைத்து முடிவெடுப்பது

டிடிஎஸ் 500-க்குள், ரசாயனங்கள் எல்லைக்குள், குழாயில் குளோரின் வருகிறது என்றால் செடிமென்ட், கார்பன், யூவி இந்த வரிசை போதும். மின்வெட்டு அதிகம் என்றால் யூவிக்குப் பதில் யூஎஃப். இரண்டும் சேர்ந்த மெஷின் இன்னும் நல்லது. இந்தத் தண்ணீருக்கு ஆர்ஓ விற்க வருபவரிடம் அறிக்கையைக் காட்டி, ஆர்ஓ இதில் எதை நீக்கப்போகிறது என்று கேளுங்கள்.

ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், ஈயம் ஏதாவது எல்லை தாண்டினால் டிடிஎஸ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆர்ஓ வேண்டும், அல்லது அந்தப் பொருளுக்கென்றே செய்த ஊடகம் வேண்டும். ஃபுளோரைடுக்கு ஆக்டிவேட்டட் அலுமினா அப்படி ஒன்று. டிடிஎஸ் 1000-க்கு மேல் உள்ள உவர்நீருக்கும் ஆர்ஓதான். 500-க்கும் 1000-க்கும் இடையில், மற்றது எல்லாம் சரியாக இருந்தால், முடிவு உங்கள் நாக்கைப் பொறுத்தது.

இரும்பு அதிகம் இருந்தால் ஆர்ஓவை நேராக மாட்டாதீர்கள், சவ்வு சில மாதங்களில் காவியால் அடைத்துக்கொள்ளும். முன்னால் காற்றூட்டி, மாங்கனீசு டை ஆக்சைடு ஊடகம் உள்ள இரும்பு ஃபில்டர் வேண்டும். கடினத்தன்மை மட்டும் தொல்லை என்றால், குளிக்கவும் துவைக்கவும் வீடு முழுதுக்கும் சாஃப்ட்னர் வைக்கலாம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அதைக் குடிநீர்ச் சுத்திகரிப்பான் என்று எண்ணக் கூடாது.

பல ஆர்ஓ மெஷின்களில் "டிடிஎஸ் கன்ட்ரோலர்" என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அது ஆர்ஓவைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தை ஆர்ஓ தண்ணீரோடு கலந்து, ருசி தருகிறது. ஃபுளோரைடுக்காக ஆர்ஓ வாங்கிய வீட்டில் இந்தத் திருகைத் திறப்பது, வாசலில் துரத்தியதைக் கொல்லை வழியாக அழைப்பது. அங்கே அதை முழுதாக மூடிவிட்டு, சப்பென்ற ருசிக்கு மினரல் கேட்ரிட்ஜ் வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த கரியமில வாயு சவ்வைத் தாண்டி வந்து ஆர்ஓ தண்ணீரைச் சற்று அமிலமாக்கும், கேட்ரிட்ஜில் உள்ள கால்சைட் அதையும் சரிசெய்யும்.

அளவும் உதிரி பாகங்களும்

நான்கு பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். வீட்டு மெஷின்களில் சாதாரணமாக வரும் 75 ஜிபிடி சவ்வு, நாளுக்கு 75 அமெரிக்க கேலன், அதாவது 284 லிட்டர், மணிக்கு சுமார் 12 லிட்டர் தரும். இது 25 டிகிரி வெப்பத்தில், லேபிளில் போட்ட அழுத்தத்தில் வரும் கணக்கு. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் சுமார் 3 சதவீதம் குறையும். குளிர்காலத்தில் தொட்டி மெதுவாக நிரம்பினால் உடனே சவ்வைச் சந்தேகிக்க வேண்டாம்.

அழுத்தக் கணக்கும் எளிது. மேல்தொட்டி ஒரு மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் 1.4 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) கூடும். நான்கு மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 6 பிஎஸ்ஐகூட இல்லை. சவ்வுக்கு 50, 60 வேண்டும். அதற்குத்தான் 24 வோல்ட் பூஸ்டர் பம்ப். நேர்மாறாக, மோட்டார் அழுத்தத்தில் ஓடும் குழாயாக இருந்து, கையேட்டில் சொன்ன உச்ச அழுத்தத்தைத் தாண்டினால், அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாமல் மாட்டாதீர்கள். ராத்திரியில் ஒரு ஃபிட்டிங் கழன்றால் வீடு முழுக்கத் தண்ணீர்.

கழிவுக் குழாயில் இருக்கும் ஃபுளோ ரெஸ்ட்ரிக்டர் விரல் நீளத் துண்டு. ஆனால் சவ்வின் ஆயுள் அதன் கையில். அதில் 300 அல்லது 450 என்று நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் கழிவு போகும் என்று அச்சிட்டிருக்கும். 75 ஜிபிடி சவ்வு நிமிடத்துக்கு சுமார் 200 மில்லி நல்ல தண்ணீர் தரும். 450 ரெஸ்ட்ரிக்டரோடு ஒரு லிட்டருக்கு 2.3 லிட்டர் கழிவு, 300-ஓடு ஒன்றரை லிட்டர். கடினத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் கழிவை மிச்சப்படுத்த நினைத்து ரெஸ்ட்ரிக்டரைச் சிறிதாக்கினால் சவ்வின் மேல் சுண்ணாம்பு படியும். அதேபோல, வேகம் வேண்டுமென்று 100 ஜிபிடி சவ்வை மட்டும் மாற்றிப் பழைய 300 ரெஸ்ட்ரிக்டரை விட்டுவைப்பதும் அதே கெடுதலில் முடியும்.

வாங்குமுன் மூன்றே கேள்விகள்: சவ்வும் கேட்ரிட்ஜும் எல்லாருக்கும் பொதுவான அளவா, அந்த நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தும் வடிவமா? ஓராண்டுக்கு எத்தனை உதிரி மாற்ற வேண்டும், மொத்தச் செலவு என்ன? சொல்லும் நீக்கத் திறனுக்குச் சான்று உண்டா? என்எஸ்எஃப் என்ற அமெரிக்கச் சான்று அமைப்பின் தர எண்களில் 42 ருசிக்கும் குளோரினுக்கும், 53 உடல்நலக் கேடு தரும் பொருள்களுக்கும், 55 யூவிக்கும், 58 ஆர்ஓவுக்கும் உரியவை. 42 மட்டும் வாங்கிய ஃபில்டர் ஈயத்தை நீக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாட்டும் நாள்

மெஷினுக்கு முன்னால் தனி பால் வால்வு, அதை அடுத்து வெளியே 10 அங்குல செடிமென்ட் ஹவுசிங். வெயில் படாத, அடுப்பு வெப்பம் படாத சுவர். திருகும் இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே சுற்றுங்கள். கால் அங்குலக் குழாயை நேராக வெட்டி, தட்டும் வரை உள்ளே அழுத்தி, பிறகு இழுத்துப் பாருங்கள். சாய்வாக வெட்டிய குழாய் முதல் நாள் ஒழுகாது, பத்தாம் நாள் ஒழுகும்.

புதுக் கார்பனைச் சவ்வோடு சேர்க்குமுன் சுமார் பத்து லிட்டர் ஓடவிட்டுக் கருந்தூளை வெளியேற்றுங்கள். சவ்வைச் செருகும்போது இரண்டு சின்ன ஓரிங்கும் பெரிய ரப்பர் வளையமும் மடியாமல் உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். மடிந்தால் உப்புத் தண்ணீர் ஓரமாக நுழைந்துவிடும், சவ்வு கெட்டுப்போனதாக நினைத்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள். முதல் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள், சவ்வில் பாதுகாப்பு ரசாயனம் இருக்கும்.

அன்றே இரண்டு எண்களை மெஷின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள்: உள்ளே வரும் டிடிஎஸ், வெளியே வரும் டிடிஎஸ். 800 உள்ளே, 60 வெளியே என்றால் நீக்கம் 92.5 சதவீதம். மாதம் ஒரு முறை, மெஷின் சில நிமிடம் ஓடிய பிறகு அளக்க வேண்டும். பல மணி நேரம் நின்றுவிட்டுத் தொடங்கும் முதல் தண்ணீரில் எண் கூடுதலாகவே காட்டும். நீக்கம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சவ்வை மாற்றும் நேரம். சர்வீஸ்காரர் தேதி சொல்வதை விட இந்தக் கணக்கு நேர்மையானது.

கோளாறுகளும் பராமரிப்பும்

மெஷின் ஓடவே இல்லை என்றால் முதலில் வெளி செடிமென்ட் ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்தால் தாழ்வழுத்த ஸ்விட்ச் பம்பை நிறுத்திவிடும். தொட்டி நிரம்பிய பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடினால், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு மூடவில்லை, பெரும்பாலும் மணல் துணுக்கு சிக்கியிருக்கும். கழிவே வராமல் நல்ல தண்ணீர் மட்டும் வருகிறதே என்று மகிழ வேண்டாம், ரெஸ்ட்ரிக்டர் சுண்ணாம்பால் அடைத்திருக்கிறது, சவ்வு அடுத்து. குளோரின் வரும் குழாயில் டிடிஎஸ் மெல்ல மெல்ல ஏறுகிறது, ஆனால் தண்ணீர் வேகமாகவும் வருகிறது என்றால், கார்பன் தீர்ந்து குளோரின் சவ்வை அரித்திருக்கலாம். இப்போது வரும் பாலிஅமைடு சவ்வுகளுக்குக் குளோரின் ஆகாது.

செடிமென்ட் உருளையை நிறம் பார்த்து மாற்றுங்கள், கலங்கல் நீரில் இரண்டு மாதமே தாங்கலாம். கார்பன் ஆறு மாதம் முதல் ஓராண்டு. சவ்வு பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு. தொட்டியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச் திரவத்தை லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் தொட்டித் தண்ணீரில் கலந்து, அரை மணி நேரம் வைத்து, டேப் வழியே வடித்து, இரண்டு முறை அலசுங்கள். சவ்வுக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது.

கழிவுத் தண்ணீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் நன்றாக உதவும். செடிக்கு ஊற்றுமுன் கணக்குப் பாருங்கள்: உள்ளே 800, வெளியே 60, ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவு என்றால் கழிவின் டிடிஎஸ் சுமார் 1050. தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்புப் பூக்கும். ஆர்சனிக்குக்காக ஆர்ஓ வைத்திருந்தால் கழிவில் ஆர்சனிக் இன்னும் செறிந்திருக்கும், உண்ணும் செடி எதற்கும் வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போவதானால் உள்வரும் வால்வை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, தொட்டியை வடித்துவிட்டுப் போங்கள். வந்ததும் முதல் தொட்டியைக் கொட்டி, இரண்டாவதிலிருந்து குடிக்கலாம்.